எழுத உட்கார்ந்தால் கை நிற்கிறதா? முதல் வரியிலிருந்து அனுப்புவது வரை முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழெட்டுப் பேர் கூடி எழுதிப் பழகுகிறோம். கோயில் மண்டபத்துக்குப் பின்னால் ஓர் அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், பிளாஸ்கில் தே-ஓ (பால் கலக்காத தேநீர்). வருகிறவர்களில் பாதிப் பேர் ரப்பர் தோட்டத்தில் பிறந்து தாமான் (ஊர்ப்புறக் குடியிருப்பு) வீட்டுக்குக் குடிவந்தவர்கள். பேச விட்டால் இரவு பத்து மணி வரை பேசுவார்கள். நோட்டைத் திறந்ததும் "என்ன எழுதறதுன்னே தெரியல" என்பார்கள்.

எனக்கும் ஒருமுறை பதினான்கு மாதம் கை நின்றுபோனது. அதிலிருந்து வெளியே வந்த வழியையும், இங்கே வருகிறவர்கள் திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்ளும் இடங்களையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். சிறுகதையோ தோட்டத்து நினைவுக் கட்டுரையோ எழுத ஆசைப்பட்டு நின்றுபோனவர்களுக்கு இது. தினம் அரைமணி நேரம் ஒதுக்கினால் இரண்டு மூன்று வாரத்தில் ஒரு வரைவு கைக்கு வந்துவிடும்.

வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். பத்தாவது படியில் செய்ய வேண்டியதை முதல் நாளே செய்யப் பார்ப்பதால்தான் முக்கால்வாசிப் பேருக்குக் கை நிற்கிறது.

1. உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று. மலிவானதாக இருக்கட்டும். அழகான அட்டை போட்ட டைரி வாங்கியவர்கள், அதைக் கிறுக்கிக் கெடுக்க மனம் வராமல் முதல் பக்கத்தைக்கூடத் தாண்டவில்லை. மூன்று பேரை இப்படிப் பார்த்துவிட்டேன்.

குரல் பதிவு செய்யும் கைப்பேசி. வாட்சாப்பில் உங்களுக்கே குரல் செய்தி அனுப்பிக்கொண்டாலும் சரி.

கேட்பதற்கு ஓர் ஆள். அவருக்கு எழுதத் தெரிந்திருக்க வேண்டாம். குறுக்கே திருத்தாமல் இருந்தால் போதும். தமிழ் ஆசிரியர்களை இந்த வேலைக்குக் கூப்பிடாதீர்கள். இதைச் சொல்லிச் சில ஆசிரிய நண்பர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன், ஆனாலும் சொல்கிறேன். 'போச்சு' என்று நீங்கள் சொன்னதும் 'போயிற்று' என்பார்கள். கதை அங்கேயே படுத்துவிடும்.

கணினி இப்போது வேண்டாம். அஞ்சல் முறையோ தமிழ் 99 முறையோ விரலுக்கு நன்றாகப் பழகியிருந்தால் பரவாயில்லை. மற்றவர்கள் 'ஞ' எங்கே இருக்கிறது என்று தேடி முடிப்பதற்குள் வாக்கியத்தின் பின்பாதியைத் தொலைத்துவிடுகிறார்கள். வரைவு கையால், தட்டச்சு கடைசியில்.

2. எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

"எழுத வரல" என்பதற்குள் நாலைந்து வெவ்வேறு சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன. எது உங்களுடையது என்று கண்டுபிடிக்க ஒரு சின்னச் சோதனை. கேட்கும் ஆளை எதிரில் உட்காரவைத்து, எழுத நினைத்ததை மூன்று நிமிடம் வாயால் சொல்லுங்கள். நோட்டைப் பார்க்கக் கூடாது.

வாயும் நின்றுவிட்டதா? சரக்கு போதவில்லை. படி 3லிருந்து தொடங்குங்கள்.

வாய் ஓடுகிறது, கை மட்டும் நிற்கிறதா? படி 4லிருந்து தொடங்குங்கள். எங்கள் அறைக்கு வருகிறவர்களில் அதிகம் பேர் இந்த வகைதான்.

பாதி எழுதி நின்றிருந்தால் படி 9. எழுதி முடித்து அலமாரியில் வைத்துவிட்டு 'இன்னும் கொஞ்சம் பார்க்கணும்' என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தால் அதுவும் தடைதான். நேரே படி 11க்குப் போங்கள்.

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம், ஒன்றுக்கு மருந்தாவது இன்னொன்றுக்கு ஆகாது. சரக்கு இல்லாதவரைப் 'பேனாவை நிறுத்தாதே' என்று விரட்டினால் பத்துப் பக்கம் புலம்பல்தான் வரும். சரக்கு வழிகிறவரை 'இன்னும் தகவல் தேடு' என்று அனுப்பினால் ஆள் திரும்பி வரவே மாட்டார்.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எழுத்தில் மட்டுமல்லாமல் எதிலுமே பிடிப்பு இல்லை என்றால் இந்த வழிகாட்டியை மூடிவைத்துவிட்டு அரசாங்க கிளினிக்கில் மருத்துவரைப் பாருங்கள். நோட்டுப் புத்தகத்தால் தீரும் காரியமல்ல அது.

3. சரக்கு இல்லையென்றால் கேள்வியோடு போய் எடுத்து வாருங்கள்

லோரி ஓட்டும் தம்பி ஒருவர், தாத்தா சொன்ன அவசரகாலக் கதையை, அதாவது இங்கே பிரிட்டிஷ் அரசுக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் சண்டை நடந்த காலத்துக் கதையை, எழுத வந்தார். 1948 ஜூன் 16 அன்று நம் வட்டாரத்தின் இரண்டு தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதையடுத்து வந்த அவசரகாலம் 1960 வரை நீடித்ததும் ஊரறிந்த விஷயம். அவர் நோட்டில் ஒரே ஒரு வரி இருந்தது: 'அன்று காலை தோட்டமே பரபரப்பாக இருந்தது.' நான்கு வாரமாக அதே வரி.

சில கேள்விகள் கேட்டேன். அன்று என்ன கிழமை? தாத்தா பால்மரம் வெட்டினாரா, அதாவது ரப்பர் மரத்தில் கோடு போட்டுப் பால் எடுத்தாரா, இல்லை ஸ்டோரில் இருந்தாரா? சேதி வந்தபோது வாளியில் பால் இருந்ததா? யார் வந்து சொன்னது? ஒன்றுக்கும் பதில் இல்லை.

அடுத்த வாரம் நாட்காட்டிக் கணக்குப் பார்த்துக்கொண்டு வந்தார். புதன்கிழமை. அப்படியென்றால் வேலை நாள். பெரட்டு (காலையில் பெயர் கூப்பிடுவது) முடிந்து ஆட்கள் தீம்பாரில் (பால்மரக் காட்டில்) ஆளுக்கொரு நிரையில் (மர வரிசையில்) சிதறி இருந்திருப்பார்கள். தோட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் பரபரப்பாக வழியே இல்லை; சேதி ஒரு நிரையிலிருந்து அடுத்த நிரைக்குத்தான் போயிருக்கும். கடைசி நிரையில் இருந்தவருக்கு அது என்னவாகப் போய்ச் சேர்ந்தது? அந்தக் கேள்வியிலிருந்து அவருடைய கதை புறப்பட்டது. நான்கு வாரமாக அவர் தடை என்று நினைத்தது, கேட்காமல் விட்ட நாலு கேள்விதான்.

பெரியவர்களிடம் கேட்கும்போது கவனம். "அந்தக் காலத்துல எப்படி இருந்துச்சு பாட்டி?" என்றால் "கஷ்டம்தான்யா" என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும். பொருளைப் பிடித்துக் கேளுங்கள். காலையில் பசியாற என்ன? வேலைக்குப் போகையில் கைப்பிள்ளையை ஆயாக்கொட்டகையில் (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில்) விட்டீர்களா, வீட்டில் விட்டீர்களா? தண்ணீர் எங்கிருந்து எடுத்தீர்கள்? பொருளைத் தொட்டால் நினைவு தானாகப் பின்னால் வரும்.

எல்லை வைத்துக்கொள்ளுங்கள்: மூன்று பேர் அல்லது ஒரு வாரம், எது முதலில் முடிகிறதோ அதுவரை. எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற கிராணி (அலுவலக எழுத்தர்) ஒருவர் இருக்கிறார். சம்பளச் சீட்டு, பழைய படம், செய்தித்தாள் நறுக்கு என்று மூன்று கோப்பு நிறையச் சேர்த்துவிட்டார். கதை இன்னும் அரைப் பக்கம்தான். சேர்ப்பது சுகமான வேலை. யாரும் அதற்கு மதிப்பெண் போடுவதில்லை பாருங்கள்.

4. எழுதாமல் முதலில் சொல்லுங்கள்

பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு, கேட்கும் ஆளிடம் ஐந்து நிமிடம் சொல்லுங்கள். பிறகு தனியாக உட்கார்ந்து பதிவைக் கேட்டு, சொன்னபடியே நோட்டில் இறக்குங்கள். 'வந்தாங்க' என்று சொல்லியிருந்தால் 'வந்தாங்க' என்றே எழுதுங்கள். அரைப் பக்கம் போதும்.

நாம் நினைப்பது பேச்சுத்தமிழில். எழுத உட்கார்ந்ததும் ஒவ்வொரு சொல்லையும் எழுத்துத்தமிழுக்கு மாற்றிக்கொண்டே எழுதுகிறோம். யோசிப்பதும் மாற்றுவதும் ஒரே நேரத்தில் நடந்தால், எழுதிப் பழகாத கை இரண்டையும் விட்டுவிடும்.

"மழ வந்தா வேல இல்ல, வேல இல்லன்னா சம்பளம் இல்ல" என்று சொன்ன ஓர் அக்கா, நோட்டில் 'மழைக்காலங்களில் தொழிலாளர்கள் பெரும் இன்னல்களுக்கு ஆளாகினர்' என்று எழுதிவிட்டு அடுத்த வரி வராமல் உட்கார்ந்திருந்தார். எப்படி வரும்? அந்த வாக்கியத்தில் மழையும் இல்லை, அக்காவும் இல்லை. "மழைன்னா ஏன்க்கா வேல இல்ல?" என்று கேட்டதுதான் தாமதம். மரம் நனைந்தால் பால் வெட்டுக்கோட்டில் இறங்காமல் பட்டையெல்லாம் பரவி வழிந்துவிடும் என்றார். இருட்டில் எழுந்து மரத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்ததைச் சொன்னார். திரும்பும்போது அம்மா ஒரு வார்த்தையும் பேசாமல் வந்ததைச் சொன்னார். எல்லாம் பதிவானது. அவர் செய்ய வேண்டியிருந்தது அதைக் கேட்டு எழுதுவது மட்டுமே.

இங்கே நடக்கும் தவறு இரண்டு. தன் குரலைக் கேட்கக் கூச்சப்பட்டுப் பதிவை அழித்துவிடுகிறார்கள். கூச்சம் மூன்றாவது பதிவில் போய்விடும், அழிக்காதீர்கள். இன்னொன்று, குரலைத் தானாக எழுத்தாக்கும் வசதியை நம்புவது. அந்த வசதி தமிழுக்கும் இருக்கிறது, ஆனால் 'தீம்பார்', 'பெரட்டு' என்றால் அதற்கு எங்கே தெரியும்? அது போட்ட சொற்களைத் திருத்த உட்கார்ந்தால் மனம் கதையை விட்டுத் திருத்தும் வேலைக்குத் தாவிவிடும்.

5. பள்ளிக்கூடத்து விதிகளைக் கடைசிப் பக்கத்துக்கு அனுப்புங்கள்

அமெரிக்க ஆய்வாளர் மைக் ரோஸ் 1980இல் பத்துப் பல்கலைக்கழக மாணவர்களைப் பேட்டி கண்டு ஒரு கட்டுரை எழுதினார். ஐந்து பேர் எழுத முடியாமல் திணறுகிறவர்கள், ஐந்து பேருக்கு அந்தச் சிக்கல் இல்லை. திணறியவர்களிடம் திறமைக் குறைவைக் காணோம். அசைக்க முடியாத விதிகளைத் தலையில் சுமந்துகொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். முதல் வரியே வாசகரைப் பிடித்து இழுக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று.

நம்மிடமும் விதிகள் உண்டு, உருப்படி மட்டும் வேறு. தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு மரபுத்தொடர், இணைமொழி, இரட்டைக்கிளவி, உவமைத்தொடர் எல்லாம் மனப்பாடம். கட்டுரையில் அவற்றைப் பொருத்தமாகச் சேர்த்தால் பாராட்டு கிடைத்தது. தேர்வுக்கு அது நியாயம். ஆனால் நாற்பது வயதில் அப்பாவின் சாவைப் பற்றி எழுத உட்கார்ந்தவர், 'கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டி' என்று ஆரம்பிக்க வேண்டுமோ என்று யோசித்துக்கொண்டிருப்பதை என் கண்ணால் பார்த்தேன். அவருடைய அப்பா இறந்தது இரவில்.

ஆகவே நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, உங்கள் தலைக்குள் இருக்கும் 'வேண்டும்', 'கூடாது' எல்லாவற்றையும் பட்டியல் போடுங்கள். வர்ணனையில் தொடங்க வேண்டும். ஒரே சொல் இருமுறை வரக் கூடாது. மலாய்ச் சொல் கலக்கக் கூடாது. முடிவில் நீதி வேண்டும். எழுதி முடித்ததும் மேலே 'திருத்தும்போது பார்க்கலாம்' என்று போட்டுவிடுங்கள். விதியை மறந்துவிடு என்று மனத்திடம் சொன்னால் அது கேட்காது. ஓர் இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன் என்றால் சும்மா இருக்கும்.

சந்தி விஷயம் தனி. 'எழுதி பார்த்தேன்' என்பதில் 'ப்' வருமா? 'அந்தக் காலம்' சரிதானே? மூன்றாவது வரியில் இந்தச் சந்தேகம் வந்து, கைப்பேசியை எடுத்து, அரைமணி கழித்து வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். ன, ண சந்தேகமும் அப்படியே. விதி இதுதான்: சந்தேகம் வந்த சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு மேலே போங்கள். வட்டங்கள் எல்லாம் படி 10 வரை காத்திருக்கும். என் வரைவுகளில் இப்போதும் பக்கத்துக்கு ஏழெட்டு வட்டம் இருக்கிறது.

6. பத்து நிமிடம், பேனாவை எடுக்காமல்

அலாரத்தைப் பத்து நிமிடத்துக்கு வையுங்கள். படி 4இல் இறக்கிய அரைப் பக்கத்தை ஒருமுறை படித்துவிட்டு நோட்டை மூடி, வேறு தாளில் எழுதத் தொடங்குங்கள். பேனா நிற்கக் கூடாது. ஒன்றும் தோன்றாவிட்டால் 'ஒண்ணும் தோணல' என்றே எழுதுங்கள். அழிக்கக் கூடாது, மேலே திரும்பிப் படிக்கவும் கூடாது.

முதல் ஐந்தாறு வரி அநேகமாக உதவாது. பால்மரம் வெட்டியவர்களுக்கு இது புரியும். புதுக்கோடு போடும் முன், முந்திய வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை உரித்து எடுப்பார்கள். எடுத்த பிறகுதான் உளி வைப்பது. உரித்ததை வீசிவிடவும் மாட்டார்கள். அதற்கும் நிறுவை உண்டு. அதுபோல அந்த ஐந்தாறு வரியையும் கிழித்துப் போடாதீர்கள். அதற்குள் சில சமயம் ஒரு நல்ல சொல் கிடக்கும்.

மூன்று நாள் இப்படிச் செய்யுங்கள். ஒரே நாளில் மூன்று முறை செய்வது பலன் தரவில்லை; இரண்டாவது முறையிலேயே கை வலித்து எரிச்சல் வந்துவிடுகிறது.

7. நடுவிலிருந்து தொடங்குங்கள்

இப்போது உங்களிடம் நாலைந்து பக்கம் கச்சாப் பொருள் இருக்கும். அதில் எந்த இடத்தைச் சொல்லும்போது குரல் மாறியது? பதிவைக் கேட்டால் தெரியும். அந்த இடத்தை முதலில் முழுசாக எழுதுங்கள். மற்றவை அதற்கு முன்னும் பின்னும் வந்து ஒட்டிக்கொள்ளும்.

தொடக்க வரியைக் கடைசியில் எழுதுவதுதான் சரி. இன்னும் இல்லாத கதைக்கு வாசல் வைக்க முடியாது. மேலே சொன்ன அக்கா, அம்மா பேசாமல் நடந்து வந்த இடத்திலிருந்து எழுதினார். முதல் வரி பதினோராம் நாள் வந்தது: 'அம்மா மரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்தார்.'

8. நேரமும் நிறுத்தும் இடமும்

தினம் ஒரே நேரம், 25 நிமிடம். பசியாறும் முன்போ, பிள்ளையை டியூஷனில் விட்டுவிட்டுக் காரில் காத்திருக்கும் நேரமோ, எதுவானாலும் சரி. 'ஞாயிறு முழுக்க உட்கார்ந்து முடிச்சிடறேன்' என்கிறவர்கள் முடித்து நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் வரும், கருமாதி வரும்.

மனம் வரட்டும் என்று காத்திருப்பதும் வேண்டாம். ராபர்ட் பாய்ஸ் என்ற உளவியலாளர் 1980களில் பல்கலைக்கழக ஆசிரியர்களை மூன்று பிரிவாக்கிச் சோதித்தார். ஒரு பிரிவு அவசியமில்லாமல் எழுதக் கூடாது, ஒரு பிரிவு மனம் வந்தால் எழுதலாம், ஒரு பிரிவு தினம் எழுதியே ஆக வேண்டும். மூன்றாம் பிரிவு அதிகப் பக்கம் எழுதியதில் வியப்பில்லை. புதிய யோசனைகளும் அவர்களுக்கே அதிகம் வந்தன.

அலாரம் அடித்ததும் நிறுத்துங்கள். அடுத்த வரி தெரிந்திருக்கும்போதே நிறுத்துவது நல்லது. கீழே ஒரு குறிப்பு: 'நாளைக்கு: மண்டோர் வருகிறார், அம்மா எழுந்திருக்கவில்லை.' (மண்டோர் என்றால் வேலையை மேற்பார்ப்பவர்.) மறுநாள் வெள்ளைத் தாளைப் பார்த்து விழிக்க வேண்டியிருக்காது.

9. பாதியில் நின்றுவிட்டால்

நின்ற இடத்தில் கோளாறு இருப்பது அபூர்வம். அதற்குச் சற்று முன்னால், உங்களுக்கே நம்பிக்கை இல்லாத ஒன்றை எழுதியிருப்பீர்கள். பின்னோக்கிப் படித்து, 'இதுவரை சரி' என்று தோன்றும் வரியைக் கண்டுபிடித்து அதன் கீழே கோடு போடுங்கள். கோட்டுக்குக் கீழே உள்ளதை விட்டுவிட்டு அங்கிருந்து வேறு வழியில் போங்கள். இரண்டு பக்கத்தை இழக்க மனம் வராதுதான். என் பதினான்கு மாதத்தில் பத்து மாதம், அப்படி ஒன்றரைப் பக்கத்தைக் கைவிட மனமில்லாமல் போனதுதான்.

தெரியாத காட்சி என்றால் தாண்டிவிடுங்கள். 'இங்கே சாவு வீடு' என்று பெட்டி போட்டு, அடுத்த காட்சிக்குப் போகலாம்.

அதுவும் ஆகவில்லையென்றால் நடங்கள். 2014இல் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் வெளியிட்ட ஆய்வில், உட்கார்ந்திருப்பதைவிட நடக்கும்போது புதிய யோசனைகள் அதிகம் தோன்றின. ஒரே சரியான விடை தேடும் வேலைக்கு நடை உதவவில்லை. அதனால் சந்தி சரிபார்க்க நடந்து பயனில்லை. நம் ஊர் வெயிலுக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நடப்பது உத்தமம், கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு.

10. திருத்தம், மூன்று சுற்றாக

வரைவு முடிந்ததும் இரண்டு நாள் தொடாதீர்கள். அப்புறம் மூன்று சுற்று, ஒவ்வொன்றும் வேறு நாளில்.

முதல் சுற்றில் காட்சிகளின் வரிசை மட்டும். எது வேண்டாம், எது முன்னால் வர வேண்டும். இரண்டாம் சுற்றில் வாய்விட்டுப் படித்து வாக்கியங்கள். பேச்சுத்தமிழை எழுத்துத்தமிழாக்குவது இங்கேதான்: கதை சொல்லும் குரலை எழுத்துத்தமிழுக்குக் கொண்டு வாருங்கள், பாத்திரங்கள் பேசுவதை அப்படியே விடுங்கள். லயத்துப் (தோட்டத்து வரிசை வீட்டுப்) பாட்டியைச் செந்தமிழ் பேச வைத்தால் அவர் செத்துப்போவார். மூன்றாம் சுற்றில் வட்டம் போட்ட சொற்கள், சந்தி, ஒற்று, கடைசிப் பக்கத்து விதிகள்.

இந்த வரிசைக்குக் காரணம் சாதாரணமானது. மூன்றாம் சுற்றை முதலில் செய்தால், ஒற்றெல்லாம் சரிசெய்த பத்தியை வெட்ட மனம் வராது. வேண்டாத பத்தி அழகாக நின்றுகொண்டிருக்கும்.

இப்போது தட்டச்சு செய்யுங்கள்.

11. அனுப்புவது

ஒரே ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். 'எப்படி இருக்கு?' என்று கேட்டால் 'நல்லாருக்கு' என்பார்கள். 'எந்த இடத்துல சலிச்சுது?' என்று கேளுங்கள். அந்த இடத்தை மட்டும் சரிசெய்து, ஒரு தேதி குறித்து, அந்தத் தேதியில் ஞாயிறு மலருக்கோ போட்டிக்கோ அனுப்பிவிடுங்கள். பத்துப் பேரிடம் கொடுத்தால் பத்து விதமாகச் சொல்வார்கள், மறுபடி கை நிற்கும்.

பதில் வராமலே போகலாம். என் கதை ஒன்று ஒரு போட்டிக்குப் போய் ஒரு வரி பதில்கூட இல்லாமல் மறைந்தது. என் பதினான்கு மாதமும் அங்கேதான் தொடங்கியது. அதனால் இப்போது அனுப்பிய இரவே நோட்டில் புதுப்பக்கம் திருப்பி, அடுத்ததற்கு மூன்று சொல் எழுதி வைக்கிறேன். லோரித் தம்பியிடமும் அதையே சொன்னேன். போன வாரம் அவர் நோட்டில் பார்த்தேன்: 'பாட்டி. ஆயாக்கொட்டகை. புடவைத் தொட்டில்.'